மடிப்புக்காரியும் ஐந்து இருபத்தொன்று பஸ்ஸும்

அவள் எங்கள் சலவைக்கூடத்தில் ஏழு வருடம், நான்கு மாதம், ஒன்பது நாள் வேலை பார்த்தாள். அதில் முதல் மூன்று வருடம் எனக்கு அவள்மேல் எந்த எண்ணமும் இல்லை. மீதி நாளெல்லாம் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருகிற தகவல்களில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்று வாசிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புகிற இடம் அது. நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை. எழுபத்தாறு பேர் பெண்கள். அவர்களில் பாதிக்கு மேல் கடல் தாண்டி வந்தவர்கள், அவளும்தான். நான் வாசல் அறையில் நேரக் குறிப்பாளன். ஒரு ஜன்னல், ஒரு கடிகாரம், ஒரு பதிவேடு. என்னை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் ‘நிமிஷம்’ என்பார்கள். அவள் மட்டும் நேராகவே, “நிமிஷம் சார்” என்று கூப்பிட்டாள். அவளுக்கும் பட்டப்பெயர் உண்டு: மடிப்புக்காரி. மடிப்பு மேசையில் அவள் மடித்த விரிப்பின் நான்கு முனையும் ஒன்றன்மேல் ஒன்று நூல் பிசகாமல் உட்காரும். இதில் நான் எதையும் கழிக்கவில்லை.

வேலைக்கு வந்த ஏழாவது நாளே அவள் தாமதம். ஐந்தரைக்கு ஷிப்ட். ஐந்து முப்பத்தாறுக்கு ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்க நின்றாள்.

“காரணம் எழுதணும்மா,” என்றேன்.

“என்னன்னு எழுத?”

அவளுக்குப் பின்னால் நின்ற இஸ்திரிப் பகுதிப் பெண் எட்டிப் பார்த்தாள். “பஸ்னு எழுதுடி. வேற எதை எழுதினாலும் சிவப்பு மைதான். சாருக்கு சிவப்புன்னா ரொம்பப் பிடிக்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ‘பஸ் தாமதம்’ என்று எழுதினாள்.

விதி அப்படி. பஸ் தாமதம் என்றால் மன்னிப்பு. மற்ற எல்லாவற்றுக்கும் சிவப்புக் குறி. உள்ளூர்ப் பெண்களுக்குச் சிவப்பு விழுந்தால் ஒரு திட்டோடு போகும். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அப்படியில்லை. அவர்களுடைய அனுமதி அட்டையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முதலாளியின் கடிதம் வேண்டும். வருடத்தில் பன்னிரண்டு சிவப்பைத் தாண்டினால் கடிதம் கிடையாது. கடிதம் இல்லையென்றால், அட்டை முடிந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

பஸ் தாமதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த பஸ் என் ஜன்னலுக்கு எதிரேதான் நிற்கும். அங்கே நிறுத்தம் வைத்த நாளிலிருந்து அது வரும் நேரத்தை ஒரு தனி நோட்டில் எழுதிவந்தேன். யாரும் சொல்லி எழுதவில்லை. கண்ணுக்கு எதிரே ஒன்று நடக்கும்போது குறிக்காமல் இருக்க எனக்கு வராது. ஐந்து இருபத்தொன்று, ஐந்து இருபத்திரண்டு, ஐந்து இருபத்தொன்று. பெரும்பாலும் அவ்வளவுதான். பெண்கள் அதைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தார்கள். காரணம் வீட்டில் இருந்த குழந்தைகள். நகரத்தில் ஆறு மணிக்கு முன் திறக்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றுகூட இல்லை.

அவள் வருவதற்கு முந்தைய வருடம், தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக இருந்தபோது, இதைப் பற்றி நான் ஒரு மனு எழுதினேன். சலவைக்கூடத்திலேயே குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பத்தொன்பது பக்கம், பதினான்கு அட்டவணை. ‘பார்வைக்குப் பெறப்பட்டது’ என்று பதில் வந்தது. கையெழுத்துகூட இல்லை, முத்திரை மட்டும்.

நாலாவது வருடத்தில் அவள் ஆரம்பித்தாள். பெரிய விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. இருவர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர வேண்டும். சேரும்போது இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். ஒரு ஷிப்டில் முந்நூற்றுச் சொச்சம் விரிப்பு. அதுவரை உள்ளூர்க்காரிகள் தங்களுக்குள் ஜோடி, வெளியிலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள் ஜோடி. தேநீர் நேரத்திலும் தனித்தனி மேசைதான். இவள் மேற்பார்வையாளரிடம் போய், “உயரத்துக்கு உயரம் ஜோடி போட்டா வேலை வேகமா போகும்,” என்றாள். அவர் சரியென்றார். உயரம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லையே, ஜோடிகள் கலந்துபோயின. விரிப்புக்கு ஒரு வாக்கியம் என்று பேச்சு நடந்தது.

“உன் புள்ளையை யாருகிட்ட விட்டுட்டு வர்ற?” விரிப்பு.

“மாமியாருகிட்ட. முணுமுணுத்துக்கிட்டே பார்த்துக்குது.” விரிப்பு.

“உனக்கு முணுமுணுக்கவாவது ஆள் இருக்கு.” விரிப்பு.

அந்த வருடம் அவர்கள் வாங்கிய முதல் விஷயம், ஷிப்ட் பட்டியலை முந்தின நாள் ஒட்டாமல் ஒரு வாரம் முன்பே ஒட்ட வேண்டும் என்பது. இரண்டு வாரத்தில் கிடைத்துவிட்டது. நான் சங்கத்தில் இருந்தபோது அதையே மூன்று முறை கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். நகல்கள் இருக்கின்றன. பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டினேன்.

பிறகு, ஏழாவது வருடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள், இரண்டு குழந்தைகளோடு. புருஷன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். குழந்தைகளின் அறைக்காக நகரசபையின் தொழிலாளர் நலக் குழுவிடம் போகப்போவதாகவும், என் பழைய மனு வேண்டும் என்றும் கேட்டாள். என் மனைவி சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மடிப்புக்காரி சமையலறை மேசையருகே உட்கார்ந்து பத்தொன்பது பக்கத்தையும் வாசித்து முடித்தாள்.

“எல்லாமே இருக்கு, சார்.”

“ம்.”

“ஆளுங்கதான் யாரும் இல்லை.”

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏங்க, எட்டு வருஷமா இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலைங்க!”

அதற்குப் பிறகு என் மனைவி அவளுடைய கூட்டங்களுக்கெல்லாம் போக ஆரம்பித்தாள். என் சங்கக் கூட்டங்களுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வீட்டுக்கு வந்து, “இன்னைக்கு மடிப்பு என்ன சொன்னா தெரியுமா?” என்று ஆரம்பிப்பாள். தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். அப்போதும் சொன்னாள்.

குழுவின் விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. உறுப்பினர்கள் ஏழு பேர். தலைவி ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் முதல் ஷிப்டுக்கு அரை மணி முன்பே திறக்கும் குழந்தைகள் அறை வேண்டும், குழந்தையால் வந்த தாமதத்தை அனுமதிக் கடிதத்துக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது. இந்த இரண்டுதான் கோரிக்கை. பின்வரிசைகளில் எங்கள் பெண்கள் அறுபது பேர். என் மனைவியும் அவர்களோடுதான் இருந்தாள்.

எங்கள் மேனேஜர் என் பதிவேடுகளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். “பத்து வருஷம். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்திரண்டு தாமதம். அதுல குழந்தை காரணம்னு எழுதினது ஒண்ணே ஒண்ணு. அதையும் எழுதினது ஒரு ஆம்பளை. பாய்லர்காரர். அன்னைக்கு அவருக்குக் குழந்தை பிறந்துச்சு.”

அறையில் சிரிப்பு.

தலைவி என் பக்கம் திரும்பினார். “இது நீங்க எழுதினதுதானே? தப்பு இருக்குமா?”

“நேரத்தில் இருக்காது, அம்மா,” என்றேன்.

“அப்ப இவங்க பிரச்சினை பஸ்தான். போக்குவரத்துத் துறைகிட்ட போகச் சொல்லுங்க,” என்றார் மேனேஜர்.

அவள் எழுந்தாள். “பஸ் சரியாத்தாம்மா வந்துச்சு. நான்தான் வரலை. பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி வேலைக்குப் போறவங்க. அஞ்சு மணிக்குத்தான் வீடு திரும்புவாங்க. அவங்க கையில சின்னவளைக் கொடுத்துட்டுத்தான் நான் படி இறங்க முடியும். என்னைக்கு அவங்க நாலு நிமிஷம் தாமதமா வர்றாங்களோ, அன்னைக்கு நான் ஓடினாலும் பஸ் போயிருக்கும். இந்த வருஷம் இருபத்து மூணு தடவை பஸ்னு எழுதியிருக்கேன். இருபத்து மூணும் பொய்.”

பின்வரிசையில் ஒருத்தி எழப்போனாள். மடிப்புக்காரி திரும்பாமலே, “உட்காரு. உன் கார்டு அடுத்த மாசம் புதுப்பிக்கணும்,” என்றாள்.

“அப்படின்னா அந்த இருபத்து மூணும் சிவப்பு,” என்றார் மேனேஜர்.

“ஆமா சார். எழுதிக்கோங்க.”

அந்த இடத்தில் அவளுடைய கடிதம் போயிற்று. அவளுக்கும் அது தெரியும்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “அன்னைக்கு ஒண்ணு எழுதியிருக்கீங்க. இன்னைக்கு வேற சொல்றீங்க. இதுதான் உண்மைன்னு நாங்க எப்படி நம்புறது?”

“நிமிஷம் சார்கிட்ட ஒரு நோட்டு இருக்கு,” என்றாள் அவள். “பஸ் வந்த நேரமெல்லாம் அதுல இருக்கும். என்னோட இருபத்து மூணு நாள் மட்டும் படிக்கச் சொல்லுங்க. வேற யார் நாளும் வேண்டாம்.”

நோட்டைப் பற்றி அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கத் தேவையில்லை. பின்வரிசையில் என் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டு என் காலுக்கு அருகே பைக்குள் இருந்தது. அதையும் யாரும் சொல்லிக் கொண்டுபோகவில்லை. சுவர்க் கடிகாரப்படி நாற்பது வினாடி நான் அசையவில்லை. அந்த நாற்பது வினாடியும் அவள் பிள்ளைகளை நினைத்தேன் என்று எழுத ஆசைதான். நினைத்தது இது: என் பத்தொன்பது பக்கத்துக்கு ஒரு முத்திரை, இவள் ஐந்து நிமிடம் பேசினால் ஏழு பேரும் கேட்கிறார்கள், இப்போது என் நோட்டும் இவளுக்குச் சாட்சியாகப் போகிறது. கொண்டுவரவில்லை என்று சொன்னால் யாருக்கும் தெரியாது.

மேனேஜர் சிரித்தார். “பஸ் வர்ற நேரத்தை எந்தப் பைத்தியக்காரன் உட்கார்ந்து எழுதிவைப்பான்?”

பையைத் திறந்தேன். அதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம். வேறு பெருமை எதுவும் எனக்கு வேண்டாம்.

தேதி தேதியாகப் படித்தேன். ஐந்து இருபத்தொன்று. ஐந்து இருபத்தொன்று. ஐந்து இருபத்திரண்டு. பதினெட்டாவதில் மேனேஜர் எழுந்தார். “எல்லா நாளையும் படிக்கச் சொல்லுங்க. மத்தவங்க வண்டவாளமும் தெரியட்டும்.”

“இது கம்பெனிப் பதிவேடு இல்லை சார். என் சொந்த நோட்டு. இருபத்து மூணு நாள்தான் கேட்டாங்க,” என்று சொல்லி, மீதி ஐந்தையும் படித்து, நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நான்குக்கு மூன்று என்று கோரிக்கை நிறைவேறியது. அடுத்த வருடம் முதல் தேதியிலிருந்து அமல். அடுத்த வருடம் என்பதால் அவளுக்கு அது பொருந்தவில்லை. மேனேஜர் கடிதம் தரவில்லை. எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதமே மிச்சம் என்பதால் என்னை விட்டுவிட்டார்கள்.

அட்டை முடிந்து அறுபது நாள் கணக்கு ஓட ஆரம்பித்தது. அந்த நாள்களில் அவளோடு ஒன்பது இடங்களுக்கு நான் போனேன். அவளுடைய வருகை நேரங்களை, தாமதங்களையும் சேர்த்து, உள்ளபடியே எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளைக் கொண்டுபோனேன். “தாமதத்தை விட்டுட்டு எழுதுங்களேன்,” என்று என் மனைவி கெஞ்சினாள். எனக்கு வராது என்றேன். மடிப்புக்காரியும், “வேண்டாங்க்கா, பொய் எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சு போச்சு,” என்றாள். எட்டு இடத்தில் இல்லை என்றார்கள். வீட்டில் பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்திருந்தாள். பெரியவன், பள்ளிக்கூடத்தில் நடக்கவிருக்கும் ஓட்டப் பந்தயம் வரைக்குமாவது இங்கே இருப்போமா என்று என்னிடம் கேட்டான். தேதி என்னவென்று கேட்டேன். அறுபத்து மூன்றாவது நாள். நாற்பது நாள் எனக்கு அவள்மேல் பொறாமை இல்லை. தேடிப் பார்த்தும் இல்லை.

நாற்பத்தொன்றாம் நாள் மதியம், ஒன்பதாவது இடமான ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியிலிருந்து கடிதம் வந்தது. அவள் ஓடிவந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுது முடிக்கும்வரை நான் கடிதத்தின் தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியா என்று பார்த்தேன். சரியாக இருந்தது.

“அங்க நேரம் குறிக்கிறது யாரும்மா?” என்று கேட்டேன்.

“ஒரு அம்மா இருக்காங்க, சார். ரொம்ப நல்லவங்க. காரணம் எழுதற இடத்துல குழந்தைனு தனியா ஒரு கட்டம் போட முடியுமான்னு கேட்டேன். அளவுகோலை எடுத்து அப்பவே கோடு போட்டுட்டாங்க.”

“மேனேஜரைக் கேட்கலையா?”

“கேட்கலை. கோடுதானே சார்.”

நாற்பது வருடம் எங்கள் பதிவேட்டில் கோடு போட்டது நான்தான். ஒவ்வொரு மாதமும் புதுப் பக்கம், அதே அளவுகோல். எந்த மாதமும் ஒரு கட்டத்தைக் கூட்டியிருக்கலாம்.

அந்த அம்மாளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அன்று மாலை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தது அந்த அம்மாளைத்தான்.