விருந்தாளிக்குப் பாடிய பாட்டு

அப்பிசாய்க்கு வாய் சும்மா இருக்காது. சர்க்கரைவள்ளி தோண்டும்போதும் பாடுவான், குளிக்கும்போதும் பாடுவான். ஃபிஜியில் எங்கள் ஊர்த் தேவாலயப் பாடகர்களுக்கு அவன்தான் தலைவன். ஆஸ்திரேலியாவில் பண்டபெர்க் பண்ணைக்கு வேலைக்கு வந்த பிறகு எங்கள் கொட்டகைக்கும் அவனே தலைவன் ஆகிவிட்டான். நான் அவனுக்கு மாமன் மகன். அவனை எப்படி வேண்டுமானாலும் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. இப்போது சொல்லப்போகும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நாக்கு எழவில்லை.

எங்களைக் கூட்டிவந்த கான்ட்ராக்டர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டான். கேட்டால், அறுவடை முடியட்டும் என்பான். எங்களோடு வேலைக்கு வந்த பையன் விலிகேசாவின் அம்மா ஊரில் படுத்த படுக்கையாகிவிட்டாள். அவளைப் பார்க்கப் போக வேண்டும் என்று அந்தப் பையன் கெஞ்சி ஓய்ந்துபோனான். அப்போதுதான், எங்கள் கிழங்கை வாங்கும் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து, ஆட்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஒரு பெண்மணி வருவதாகச் செய்தி வந்தது.

"அவங்ககிட்ட சொல்லிடறேன் சித்தப்பா," என்றான் விலிகேசா.

அப்பிசாய் பதறிவிட்டான். "வீடு தேடி வர்ற விருந்தாளிகிட்ட வந்ததும் வராததுமா குறை சொல்வாங்களா? நம்ம மானம் என்னாவறது? மொதல்ல காவா குடுப்போம், பாடுவோம். அப்புறம் பாத்துக்கலாம்டா."

நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

மாலை போட்டோம், விருந்தாளிக்கென்று வேரை இடித்துச் செய்யும் எங்கள் ஊர்ப் பானமான காவாவைக் கரைத்துக் கொடுத்தோம். அப்பிசாய் பாடவைத்த பாட்டில் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கான்ட்ராக்டர் பக்கத்திலேயே நின்று தாளம் போட்டான், வெட்கம் கெட்டவன்.

"இவ்ளோ சந்தோஷமான ஆளுங்கள நான் எங்கயும் பாத்ததில்ல," என்று தன் கார்டை அப்பிசாயிடம் கொடுத்தாள்.

அவள் காரில் ஏறப்போகும்போது விலிகேசா முன்னால் வந்தான். அப்பிசாய் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நல்லபடியா முடிஞ்சத கெடுக்காத."

அந்த வாரமே விலிகேசாவின் அம்மா இறந்துவிட்டாள்.

கொட்டகையில் ஜெபம் வைத்தோம். பாட்டை எடுத்துக்கொடுக்க வேண்டிய அப்பிசாய்க்குக் குரலே வரவில்லை. அவமானம் அவனைத் தின்றுகொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் தரையில் உட்கார்ந்து, தலை குனிந்து, ஒரு கட்டுக் காவா வேரை விலிகேசாவின் முன்னால் வைத்து மன்னிப்புக் கேட்டான். எங்கள் வழக்கத்தில் அதைத் தள்ளக்கூடாது. விலிகேசாவும் தள்ளவில்லை, தொட்டு எடுத்துக்கொண்டான்.

"ஏத்துக்கிட்டேன் சித்தப்பா. ஆனா எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? அன்னிக்கி நீங்க பாடினத நம்பிட்டுப் போனது நான் இல்லயே."



அப்பிசாய் சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்தான். எங்கள் எதிரிலேயே போன் போட்டான்.

"மேடம், அன்னிக்கி பாடினோமே... அது பொய்."

அதற்குமேல் முடியாமல் போனை விலிகேசாவிடம் நீட்டினான். இந்த முறை யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை.