டீப்பாயை ஒளித்து வைத்த ரூபி அக்கா

செய்தி வந்தபோது எமர்ஜென்சி வார்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேஜர் அடித்தது. பார்த்தால் ஷீபாவின் நம்பர். ஷீபா, ரூபி அக்காவின் ஒரே மகள். என் தம்பி ஜெரால்டின் மனைவி. தமிழில் எது கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். அன்று நான் திருப்பிக் கூப்பிட்டதும், "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்று தமிழில் சொன்னாள். காலையில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவருக்கு மாரடைப்பு. ஊரார் நெஞ்சுவலிக்கெல்லாம் ஓடிய மனுஷிக்கு ஓடிவர அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம்.

இர்விங், டாலஸ் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அஞ்சலி என்றால் அடக்கமாக எழுத வேண்டும் என்கிறார்கள். ரூபி அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கை, கால், கண் எல்லாம் சேர்ந்து பேசும். நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் நியூ ஜெர்சியிலிருந்து இர்விங்குக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், வார்டில் ஒரு தமிழ் முகம் தெரிந்தது. நம்மவர்கள் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர் என்பது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களாக இருந்தால் அடுத்த கேள்வி எந்தக் கோயில், அதாவது கத்தோலிக்க ஆர்சியா, புராட்டஸ்டன்ட் சிஎஸ்ஐயா. நான் தூத்துக்குடி ஆர்சி. பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஃப்ரீவேல கார் ஓட்டுவியா?" என்று கேட்டார். அவருக்கு அந்த அதிவேக ஃப்ரீவே என்றால் உதறல். மறுநாளிலிருந்து அவர் என் காரில். அவர் பாளையங்கோட்டை சிஎஸ்ஐ என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். அவர் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

காரணம் பெல்ஃபாஸ்ட். அக்கா அமெரிக்கா வருவதற்கு முன் வட அயர்லாந்தில், அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில், எமர்ஜென்சி நர்ஸாகப் பல வருஷம் இருந்தவர். நாடு யாரோடு சேர்ந்திருப்பது என்று தொடங்கிய சண்டை, நீ கத்தோலிக்கனா புராட்டஸ்டன்டா என்று தெருத் தெருவாக ஆட்களைப் பிரித்துவிட்டிருந்த காலம். குண்டு, துப்பாக்கி, எரியும் பஸ். இதையெல்லாம் அவர் என் காரில் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, "அய்யோ, அப்புறம்?" என்று கேட்பேன்.

ஒரு வேலைநிறுத்த நாளில் தெருவை மறித்து பஸ்ஸை எரித்திருக்கிறார்கள். அக்கா நடந்தே டியூட்டிக்குப் போகிறார். நல்ல மழை. முகமூடி போட்ட ஒருவன் தடியோடு வந்து நின்று, யார் நீ, அடையாள அட்டையை எடு என்கிறான். அக்காவின் ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பை. குடையை அவன் கையில் கொடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள் தம்பி என்றாராம். அவனும் வாங்கிக்கொண்டான். பையின் அடியிலிருந்து அட்டை வெளியே வரும் வரைக்கும் அந்த முகமூடிக்காரன், தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாளையங்கோட்டை ரூபிக்குக் குடை பிடித்தான். அட்டையைக் காட்டினார், குடையை வாங்கினார், நடந்தார். திரும்பிப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. இதுல திரும்பி வேற பாக்கணுமாக்கும்."

இன்னொரு நாள் கடைவீதியில் குண்டு. அடிபட்டவர்களை ஒரே ஆஸ்பத்திரிக்குத்தானே கொண்டுவர வேண்டும்? சொந்தக்காரர்கள் வந்து குவிந்துவிட்டார்கள், இரண்டு பக்கத்தாரும் ஒரே வராந்தாவில். உங்கள் ஆட்கள்தான் செய்தார்கள் என்று எவனோ ஆரம்பிக்கிறான். அக்கா போலீஸைக் கூப்பிடவில்லை, டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காகிதக் கப்பில் கொதிக்கக் கொதிக்க, விளிம்பு வரைக்கும் ஊற்றி ஆளுக்கொன்றாகக் கையில் திணித்தார். அதன் விளக்கத்தையும் எனக்குச் சொன்னார்.

"கை நெறய கொதிக்கிற டீய வச்சிக்கிட்டு எவனாலயும் கைய ஓங்க முடியாதுட்டி."

அந்த வராந்தாவில் இரண்டு தாய்மார் இருந்தார்கள், இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒருத்தியின் மகன் பிழைத்தான், மற்றவள் மகன் பிழைக்கவில்லை. செய்தியைச் சொன்னபோது அவள் கையில் அந்தக் கப் அப்படியே இருந்ததாம். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாளாம். பக்கத்தில் இருந்த, மகன் பிழைத்தவள் கப்பை வாங்கிக்கொண்டு, காலியான கையைப் பிடித்துக்கொண்டாள். கதை இந்த இடத்துக்கு வந்ததும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். நான் ஃப்ரீவேயிலிருந்து இறங்கும் எங்கள் எக்ஸிட்டைத் தவற விட்டு அடுத்ததில் சுற்றிக்கொண்டு வருவேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

இவ்வளவையும் தாங்கியவர் அந்த ஊரை விட்டது குண்டுக்குப் பயந்து அல்ல. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பிள்ளை ஷீபாவிடம் நீ எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறது. ஷீபா வீட்டுக்கு வந்து அதையே அம்மாவிடம் கேட்டாள். மகளிடம் இதை யாரும் கேட்காத ஊருக்குப் போய்விட வேண்டும் என்று அக்கா அன்றே முடிவு செய்தார். அதற்காகத்தான் டெக்ஸஸ். அதற்காகத்தான் இந்த வெயில், இந்த ஃப்ரீவே, எல்லாம்.

98 ஏப்ரலில் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது கார் ரேடியோவில் அயர்லாந்துச் சமாதான உடன்பாட்டுச் செய்தி. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் நான் காரை ஓரமாக நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கி, வார்டு உடையிலேயே, பறக்கிற லாரிகளைப் பார்த்துக் கைதட்டுகிறார், சிரிக்கிறார், அழுகிறார். பின்னால் போலீஸ் கார் வந்து நின்றது. தொப்பிக்காரர் இறங்கி என்ன விஷயம் என்றார். ஐடி எடுக்கப் பையைத் துழாவிய அக்கா, கையிலிருந்த டிபன் பாக்ஸை அவரிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாரே! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சமாதானம் வந்துவிட்டது என்று அக்கா அவரிடம் சொன்னார். எந்த ஊரில் என்று கேட்காமலேயே அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே சண்டை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஜெரால்டும் ஷீபாவும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார்கள். நியூ ஜெர்சியிலிருந்து என் பெரியப்பா பறந்து வந்தார். பெண் நம் கோயிலில் சேராமல் கல்யாணம் இல்லை என்றார். ஹூஸ்டனிலிருந்து ஷீபாவின் பெரியப்பா வந்தார். எங்கள் பெண் அங்கே போய் முழங்கால் போடமாட்டாள் என்றார். இரண்டு பெரியப்பாக்களும் பேச என் அப்பார்ட்மென்டில் ஏற்பாடு. அக்கா முதலாளாக வந்து, கூடத்திலிருந்த டீப்பாயை என்னோடு சேர்ந்து தூக்கிப் பெட்ரூமில் கொண்டுபோய் வைத்தார். பக்கத்து ஸ்டூலையும் விடவில்லை. இடம் போதாது என்று எடுக்கிறார் என நினைத்தேன்.

அப்புறம்தான் புரிந்தது. அக்கா தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்த பிடியில்லாத எவர்சில்வர் டம்ளர். அதில் விளிம்பு வரைக்கும் டீ. கீழே வைக்க மேஜை இல்லை. கார்பெட்டில் வைக்கலாமென்றால் வாடகை வீடு, கறை பட்டால் டெபாசிட் போகும். என் பெரியப்பா விரலை நீட்டாமல் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர். அன்று விரலெல்லாம் டம்ளரில் மாட்டிக்கொண்டது. ஒரு வாக்கியம் பேசுவார், ஊதுவார். எதிரில் இருந்தவரும் ஊதுவார். கடைசியில் என் பெரியப்பா ஷீபாவின் பெரியப்பாவைப் பார்த்து முதன்முதலாகக் கேட்டது, "உங்களுதும் இப்படித்தான் கொதிக்கா?" என்றுதான். நான் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன்.

திரும்பி வந்தபோது அக்கா பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

"பெல்ஃபாஸ்டுல ரெண்டு பக்கமும் ஜெபம் பண்றவங்கதான். ரெண்டு பேரு ரத்தத்தையும் இந்தக் கையாலதான் தொடச்சேன். கல்யாணத்த எந்தக் கோயில்ல வேணாலும் வைங்க. எனக்கு ஒண்ணுதான் வேணும். நாளைக்கு இதுக பெத்த பிள்ளையப் பாத்து, நீ எந்தப் பக்கம்னு நம்ம வீட்டுல ஒருத்தரும் கேக்கக்கூடாது."

டீ ஆறியதும் இரண்டு பெரியப்பாக்களும் அதைக் குடித்து முடித்துவிட்டுத் தேதி பார்த்தார்கள். கல்யாணம் எங்கள் கோயிலில் நடந்தது. அவர்கள் பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். பிரியாணி ஒரே பந்தியில். அக்கா பந்தி முழுக்க ஓடினார், யார் தட்டையும் காலியாக இருக்க விடவில்லை.

இப்போது அக்கா போன அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். இரண்டு பெரியப்பாக்களும் கிடைத்த ஃப்ளைட்டைப் பிடித்து அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்து அரை மணி ஆகவில்லை, மருமகன் ஆர்சி, வீட்டில் ஜெபமாலை சொல்ல வேண்டும் என்று ஒருவர். அவள் சிஎஸ்ஐயாக வாழ்ந்தவள், அதெல்லாம் இங்கே கூடாது என்று மற்றவர். குரல் ஏறியது. ஷீபா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறாள். இப்போதுதான் பேசக் கற்றுக்கொள்கிற வயது அவனுக்கு. யார் வாயைத் திறந்தாலும் அந்த வாயையே பார்ப்பான்.

நான் நேரே கூடத்துக்குப் போய் டீப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன். ஷீபா என்னைப் பார்த்தாள். பையனை ஜெரால்டிடம் கொடுத்துவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய்ப் பெட்ரூமில், அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். வைத்த இடத்திலேயே கட்டிக்கொண்டு அழுதோம், கொஞ்சம் சிரிக்கவும் செய்தோம். பிறகு நான் டீ போட்டேன். அலமாரியில் அதே பிடியில்லாத டம்ளர்கள். அடக்கம் முடிந்த பிறகு ஷீபா அவற்றை எனக்கே கொடுத்துவிட்டாள். ரூபி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த டம்ளர்களும், அவற்றை எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பதும்தான்.

தட்டோடு கூடத்துக்கு வந்தேன். இரண்டு பெரியப்பாக்களும் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தார்கள். என் பெரியப்பாவின் பார்வை தட்டுக்கு வந்தது. பிறகு டீப்பாய் இருந்த இடத்துக்குப் போனது. கார்பெட்டில் அதன் நாலு கால் தடமும் அப்படியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உட்கார்ந்தார். நீட்டியிருந்த விரலை மடக்கி, இரண்டு கையையும் என் பக்கம் ஏந்தினார்.

"எனக்கு விளிம்பு வரைக்கும் ஊத்தும்மா," என்றார். "ரூபி ஊத்துற மாதிரி."