படகின் பக்கத்தில் ஓர் ஓட்டை

ஊட்டியில் சலாஹுதீனுக்குக் கண்டாலே ஆகாத ஒரே ஆள் முபீன். இருவரும் பிளம்பர்கள், மார்க்கெட்டில் எதிரெதிர்க் கடை. பெரிய பங்களா வேலையெல்லாம் முபீனுக்குப் போகும். ஒழுகும் பைப்பும் அடைத்த சிங்க்கும் சலாஹுதீனுக்கு வரும். போதாக்குறைக்கு மனைவி அமீனா வேறு, "முபீன் அண்ணன் போட்ட பைப்பு எந்தப் பனிக்கும் வெடிக்கறதில்லையாமா" என்பாள். அன்றைக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

அதனால்தான் குந்தா பக்கம் பங்களா வாங்கிய ராஜசேகர் முபீனை விட்டுத் தன்னைக் கூப்பிட்டதும் சலாஹுதீனுக்குத் தலைகால் புரியவில்லை. பங்களாவை ஒட்டிய குளத்தில் ஒரு சின்னப் பாய்மரப் படகு. அதன் அடியில் சேரும் தண்ணீரை இறைக்க ஒரு பம்பு வாங்கியிருந்தார். தண்ணீர் வெளியேறப் படகின் பக்கவாட்டில் ஓட்டை போட்டுக் குழாய் பொருத்த வேண்டும்.

"இது நல்லா அமைஞ்சா பங்களா பைப்பு வேலை மொத்தமும் உங்களுக்குத்தானுங்க பாய்" என்றார்.

மலையில் குழாய் போடுகிறவனுக்கு வளைவென்றாலே ஆகாது. அதில் தங்கும் தண்ணீர் உறைபனியில் இறுகிக் குழாயைப் பிளந்துவிடும். சலாஹுதீன் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓட்டை போட்டு, பம்பிலிருந்து குழாயை நேராக இழுத்துப் பொருத்தினான். படகைக் கண்டவனா அவன்? முபீன் வயிறெரியட்டும் என்று வெள்ளோட்டத்துக்கு அவனையும் தானே அழைத்துப் போனான்.

ராஜசேகர் படகில் ஏறிப் பாயை விரித்தார். காற்று பிடித்ததும் படகு ஒருபக்கம் சாய்ந்தது. ஓட்டை தண்ணீருக்குள் போனது. குளம் குழாய் வழியாகப் படகுக்குள் ஏறியது. ராஜசேகர் முழங்கால்வரை நனைந்து, எப்படியோ கரை சேர்ந்தார்.

"என்னங்க பாய் இது? வெளிய போற குழாயில தண்ணி உள்ள வருது!"

முபீன் முன்னே வந்தான்.

"தப்பு என்னுதுங்க. வளைவு வேண்டாம்னு நான்தான் இவர்கிட்டச் சொன்னேன்."

அவன் அப்படி எதுவும் சொன்னதே இல்லை. பேன்ட்டை மடித்துக்கொண்டு படகில் இறங்கினான். நீளமான குழாயாக மாற்றி, அதைப் படகின் விளிம்புவரை ஏற்றி வளைத்து, பிறகு ஓட்டைக்கு இறக்கினான். ஓட்டை மூழ்கினாலும் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறி உள்ளே வர முடியாது. அடுத்த சுற்றில் படகு எவ்வளவு சாய்ந்தும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

சலாஹுதீனுக்குக் கண் கலங்கியது. அது ஒரு கணம்தான்.

ராஜசேகர் முபீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தப்பை இப்படி ஒத்துக்கிற ஆளை நான் பாத்ததே இல்லீங்க. பங்களா வேலைய நீங்களே எடுத்துக்குங்க."

முபீன் மறுத்து ஏதோ சொன்னது சலாஹுதீன் காதில் விழவில்லை. தப்பு செய்தது நான். அதற்கும் நல்ல பேர் வாங்கிக்கொண்டு போகிறானே பாவி என்று அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது.