இருதலைப் பாம்பின் மேல் போட்ட பழி

பூண்டுத் தோட்டத்தில் கொத்தும்போது மண்ணோடு புரண்டு வரும் இருதலைப் பாம்பைப் பொன்னுத்தாய் ஒருநாளும் உயிரோடு விட்டதில்லை. ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும். தலை கூம்பி, வால் வெட்டிவிட்டது போல மொட்டையாக இருக்கும். இரண்டு முனையாலும் கடிக்கும் என்பது பழனி மலைத்தொடரில் மன்னவனூர்ப் பக்கத்துப் பேச்சு. மற்றவர்கள் அதைத் தூக்கி வீசுவார்கள். பொன்னுத்தாய் துண்டு துண்டாக வெட்டுவாள்.

காரணம் ஊருக்கே தெரியும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், மூன்று வயது மகள் ராஜகுமாரியைப் புல்மேட்டு ஓரம் சாக்கில் படுக்க வைத்துவிட்டு அவளும் கணவர் தங்கமுத்துவும் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வீறிட்டது. ஓடி வந்து பார்த்தால் வலிப்பு. சாக்கை உதறினால் அடியில் இந்தப் பாம்பு. விஷக்கல் வைப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் கல்லும் பச்சிலையுமாகப் போனது. மூன்றாம் நாள் வெள்ளனே பிள்ளை போய்விட்டது.

போன ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலை, புல்மேட்டில் கல்லைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் தமிழ்மதி. பாம்புகளைப் பற்றிப் படிக்க வந்திருந்த கல்லூரிப் பெண். பக்கத்துத் தோட்டத்தில் பொன்னுத்தாய் மண்ணோடு வந்த ஒரு பாம்பின் மேல் களைக்கொத்தை ஓங்கியதைப் பார்த்ததும் பாய்ந்து வந்து பாம்பை வெறுங்கையால் எடுத்துவிட்டாள்.

"ஏ பாப்பா, கீழ போடு! வெசம்!"

"வெசமே கெடையாதும்மா. மண்புழுவத் தின்னு பொழைக்கிற பாம்பு. யாரையும் கடிக்காது."

அது அவள் விரலைச் சுற்றிக்கொண்டு, சொரசொரத்த வால் நுனியை உள்ளங்கையில் ஊன்றியது. பொன்னுத்தாய் ஓங்கிய களைக்கொத்தை இறக்கவில்லை.

"எம் புள்ளையக் கொன்னுச்சு இது" என்று நடந்ததைச் சொன்னாள்.

தமிழ்மதி புத்தகத்தை எடுத்துப் படத்தைக் காட்டினாள். "யூரோபெல்டிஸ் புல்னியென்சிஸ்னு பேரும்மா. புல்னின்னா பழனி. வெள்ளக்காரங்க வாயில அப்பிடி ஆயிருச்சு. நம்ம மலை பேரத்தான் வச்சிருக்காங்க. இதால ஒரு உசுரு போகாதும்மா."

பேர் பொன்னுத்தாய் காதில் ஏறவில்லை.

"அப்ப எம் புள்ள எதால செத்துச்சு?"

"தெரியலம்மா. அன்னைக்கு அதுக்கு மேலுக்கு ஏதும் சொகமில்லாம இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அன்று காலை சுவட்டர் மாட்டிவிடும்போது பிள்ளையின் கழுத்து கொதித்தது. வெயில்ல கெடந்தாச் சரியாப் போகும் என்று தங்கமுத்துவிடம் அவள்தான் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அது ஒருதரம்கூட நினைவுக்கு வந்ததில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். தமிழ்மதி தண்ணீர் நீட்டியது அவள் கண்ணிலேயே படவில்லை.

மத்தியானம் சோறு கொண்டுவந்த தங்கமுத்துவிடம், "புள்ளைக்கு அன்னைக்குக் காச்சலுங்க. பாம்பு இல்லையாம்" என்றாள்.

அவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"குளிப்பாட்டும்போது தேடிப் பாத்தேன். கடிவாயே இல்ல. பாம்புன்னு நீ நம்பிக்கிட்ட. நான் விட்டுட்டேன். காச்சல்னு சொல்லியிருந்தா ஒம் மேலயே பழியப் போட்டுக்கிட்டு நீயும் போயிருப்ப, பொன்னுத்தாயி."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கூட முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த மனுஷன், யாரோ போலத் தெரிந்தார். களைக்கொத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

எட்டு நாள் அவரோடு பேசவில்லை. சோறு பொங்கி வைத்தாள், அவ்வளவுதான். அவரும் வற்புறுத்தவில்லை.

ஒன்பதாம் நாள், அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்ப அத்தன வருசமும் அத மனசுக்குள்ள ஒத்தையிலயா வச்சுக்கிட்டு இருந்தீங்க?"

தங்கமுத்து அடுப்படி வாசலிலேயே நின்றார். பொன்னுத்தாய் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.