அப்பத் தட்டு ஏந்திய எங்கள் அம்மா

எங்கள் அம்மா கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் என்றால் “அமைதியே உருவானவர், அதிர்ந்து பேசாதவர்” என்று எழுதுவது வழக்கம். அம்மாவைத் தெரிந்த யாராவது அதைப் படித்தால் சிரித்துவிடுவார்கள். அம்மா அதிர்ந்துதான் பேசுவார். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அம்மா பிறந்தது பனமலையில், பிறர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிப் பிழைத்த குடும்பத்தில். பெண் பார்த்து முடித்த அப்பா வீட்டார் திண்டிவனத்தில் பாப்டிஸ்ட் சபையினர். கல்யாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் எடுத்துவிடச் சொல்லி அம்மாவை நெருக்கினார்கள். “கல்யாணத்துக்காவ தண்ணில முழுவ மாட்டேன். எனக்கா நம்பிக்கை வரட்டும், நானே வர்றேன்” என்றாராம். அவரவர் விசுவாசித்து முழுகுவதுதானே நம் சபையின் அடிப்படை? அண்ணன் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அம்மா தாமாகப் போதகரிடம் போய்க் கேட்டு, ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கினார்.

அப்பா சீக்கிரமே காலமானார். அம்மா துணி தைத்து அண்ணனையும் மகளான என்னையும் படிக்க வைத்தார். அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாக இருப்பவர்கள் பசியோடு கிடப்பதைப் பார்த்தது அந்த நாட்களில்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் சமையலறையில் கேப்பைக் கூழ் காய்ச்சி எடுத்துப் போகத் தொடங்கினார். மற்றப் பெண்களும் கூடச் சேர்ந்தார்கள்.

சில வருடங்கள் கழித்து, சபைக் கூட்டத்தில் கை தூக்கி அம்மாவை உதவிக்காரராக, அதாவது டீக்கனாக, தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை ஆண்கள் மட்டுமே இருந்த பொறுப்பு அது. அடுத்த திருவிருந்து ஞாயிறன்று வம்பு வந்தது.

நம் வழக்கம் தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். உதவிக்காரர்கள் அப்பத் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டு செல்வார்கள். எடுத்தவர் உடனே உண்பதில்லை. கடைசி ஆளும் எடுத்த பிறகுதான் எல்லோரும் சேர்ந்து உண்போம்.

அன்று பெரியவர் ஒருவர், அம்மா நீட்டிய தட்டின் முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பொம்பள கையால நான் வாங்க மாட்டேன். வேற ஆள அனுப்புங்க.”

அம்மா நகரவில்லை. “உங்க வூட்டம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப நான் ஊத்துன கூழ குடிச்சிக்கினுதான இருந்தீங்க? கூழு ஊத்துன கை அப்பம் குடுக்க ஆவாதா?”

முன்பே எடுத்தவர்கள் எல்லோரும் அப்பத்தைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

“நான் நின்னுக்கினே இருக்கேன். உங்களுக்கு எப்ப தோணுதோ எடுங்க” என்றார் அம்மா.

நேரம் போனது. பின்னாலிருந்து ஒருவர், “ஜல்தியா எடுங்கய்யா, எல்லாரையும் பேஜார் பண்ணாதீங்க” என்று குரல் கொடுத்தார். பெரியவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ஒரு துண்டை எடுத்தார். அம்மா தட்டை அடுத்தவரிடம் நீட்டினார். எனக்குப் பெருமையில் அழுகை வந்துவிட்டது. அன்று முதல் படுக்கையில் விழும்வரை அம்மா தட்டு ஏந்தினார்.

சிறுநீரகம் பழுதாகி விழுப்புரம் மருத்துவமனையில் சேர்த்தபோதும் அவருக்கு ஒரே கவலைதான். “என்ன பாத்துக்கினு இங்கியே உக்காந்திருக்காத. ஞாயித்துக்கெழம கூழு நிக்கக் கூடாது.” நிற்கவில்லை. இன்றும் போகிறது.

அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டிய செவிலியர்களுக்கும், கூப்பிட்ட போதெல்லாம் வண்டி எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், அடுப்பை அணையவிடாத சபைப் பெண்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மாவின் உதவிக்காரர் பொறுப்பு ஓராண்டாகக் காலியாக இருக்கிறது. “அந்தம்மா வேற மாதிரி. இனிமே ஆம்பளைங்களே பாத்துக்கட்டும்” என்று சிலர் பேசுவது என் காதுக்கு வந்தது. அம்மாவைப் புகழ்ந்துகொண்டே கதவைச் சாத்தப் பார்க்கிறார்கள். நான் விடுவதாக இல்லை. வரும் சபைக் கூட்டத்துக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். எங்களுக்கு ஆறுதல் சொல்ல நினைக்கும் சபையார் அன்று தவறாமல் வாருங்கள். எனக்கு எதிராகக் கை தூக்குவதானாலும் வாருங்கள். என் முகத்தைப் பார்த்துத் தூக்குங்கள்.