புளி போட்டுத் துலக்கிய வாள்

பழைய வாள்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் பிடிக்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பரணில் நாலைந்து கிடக்கின்றன. "பெருமாளுக்கே அஞ்சு ஆயுதம் இருக்கு. நம்மைக் காப்பாத்த அது போறாதா? நீங்க வேற எதுக்குன்னா சேக்கறேள்?" என்பாள் என் மனைவி. நான் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் அன்றைக்குக் காபி கிடைக்காது.

சில வருஷங்களுக்கு முன் திருச்சி கே.கே. நகரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில் ஜப்பான் வாள் விலைக்கு இருக்கிறது என்று நண்பர் சொன்னார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய் வருவதாக வீட்டில் புளுகிவிட்டு பஸ் ஏறினேன்.

டீச்சருக்கு எழுபது வயதிருக்கும். சுவரில் தொங்கிய வாளை இறக்கி என் முன்னால் பாயில் வைத்தார். விலை கேட்க வாயெடுத்தேன்.

"விலை அப்புறம் பேசலாம் சார். இது நிஜமா ஜப்பான் வாள்தானா? அதை முதல்ல சொல்லுங்க."

அவர் கேட்ட விதத்திலேயே வேறு ஏதோ இருப்பது தெரிந்தது. அவரே சொன்னார். கல்யாணமான சூட்டிலேயே அப்பா ஊரை விட்டுப் போய்விட்டார். வருஷக்கணக்கில் கடிதாசியும் இல்லை, தகவலும் இல்லை. உலகப் போர் முடிந்த பிறகு இந்த வாளோடு வந்து நின்றார். டீச்சர் பிறந்தது அதற்கப்புறம்தான். மலாயாவில் மாட்டிக்கொண்டேன், சரணடைந்த ஜப்பான்காரன் விட்டுப்போன வாள் இது என்றார். சொந்தக்காரர்கள் யாரும் நம்பவில்லை. மணப்பாறையில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்திவிட்டு, கதைக்குத் தோதாகச் சந்தையில் ஒரு கத்தி வாங்கி வந்திருக்கிறான் என்றார்கள். அம்மாவும் அதையே நம்பிவிட்டார்.

"அப்பா சாகற வரைக்கும் அம்மா அவருக்குச் சோறு போட்டாங்க சார். ஒரு நாளும் முகத்தைப் பார்த்துப் போடல" என்றார் டீச்சர்.

ஜப்பான் வாள் வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது பளபளக்கும் அலகை அல்ல. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பை. ஒரு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவிடும். உள்ளே இருக்கும் துருதான் வாளின் வயதைச் சொல்லும். விஷயம் தெரிந்தவர்கள் அந்தத் துருவை உயிரே போனாலும் துடைக்க மாட்டார்கள். பிடியில் நாடாவுக்கு அடியில் திருக்கை மீன் தோல் வெள்ளை வெள்ளையாகப் புடைத்துத் தெரிந்தது. இதைத் தொட்டேன் என்று தெரிந்தால் வீட்டுக்குள் நுழையும் முன்பே என் மனைவி தலையில் தண்ணீர் ஊற்றுவாள் என்று நினைத்துக்கொண்டே பிடியை உருவினேன்.

உள்ளே துருவே இல்லை. நேற்றுக் கடையில் வாங்கிய எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவசரக்காரன் நான். "மன்னிக்கணும் டீச்சர். இது புதுசா செஞ்சது மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவங்க சொன்னதுதான் சரியா?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

கிளம்பிவிடலாம் என்று பிடியைத் திரும்ப மாட்டப்போனேன். விரலில் சிவப்பாக ஏதோ ஒட்டியது. குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு வைப்போம் சார். அப்பா திரும்பி வந்தப்புறம் பொன்மலை ரயில்வே வொர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்தாரு. எதையும் பிரிச்சுத்தான் துடைப்பாரு. புளி போட்டுத் தேச்சு, சாம்பல்ல துலக்கி, சந்தனம் குங்குமம் வைப்பாரு. அவருக்கப்புறம் நான் செய்யறேன். தப்பா சார்?"

தலையில் கை வைத்துக்கொண்டேன். வாளின் வயதையே இந்த வீட்டில் வருஷா வருஷம் பக்தியோடு தேய்த்துக் கழுவி ஊற்றியிருக்கிறார்கள்! கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நம் வீடுகளில் அழுக்கோடு எதையும் சாமிக்கு முன் வைக்க மனசு வராதே. அவரை என்ன சொல்ல?

புளி போகாத இடம் எங்கேயாவது இருக்குமா என்று மறுபடி தேடினேன். ஆணி போகும் துளைக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காய்ந்த சந்தனத்துக்கு அடியில் கறுத்து இறுகிய பழைய துரு. துளைக்கு மேலே, தேய்ந்து தேய்ந்து மங்கிய ஒரு சின்ன முத்திரை. ஜப்பானின் போர்க்கால ஆலைகளில் அடித்தது. பிடிக்கு மேலே விரலைக் காக்கும் கைக்காப்பிலும் அதன் வளையங்களிலும் ஒரே எண் வெட்டியிருந்தது. அலகை ஜன்னல் பக்கம் திருப்பினேன். கையால் அடித்த வாளில் கூர் ஓரமாக ஆழமாக ஓடும் வெண்கோடு இதில் மேலோட்டமாகத்தான் இருந்தது. பரம்பரைக் கொல்லன் அடித்த பழைய வாள் அல்ல இது. போரில் அதிகாரிகளுக்கு ஆலையில் செய்து கொடுத்தது. நான் தேடி வந்த சரக்கு இல்லை.

ஜப்பான் வாள்தான், போர்க்காலத்தில் ஆலையில் செய்தது என்று சொன்னேன். டீச்சர் முன்னால் சாய்ந்தார்.

"அப்ப அப்பா மலாயாவுலதான் இருந்தாரா?"

வாள் எங்கே பிறந்தது என்று என்னால் சொல்ல முடியும். யார் கையில் எப்படி வந்தது என்பது வாளுக்கே தெரியாது. பர்மாவிலிருந்து திரும்பிய ஏதாவது ஒரு சிப்பாயிடம் கூட அவர் வாங்கியிருக்கலாம். இதெல்லாம் என் மனதில் ஓடத்தான் செய்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"மணப்பாறைச் சந்தையில மாடு வாங்கலாம் டீச்சர், முறுக்கு வாங்கலாம். இதை வாங்கியிருக்க முடியாது. உங்கப்பா பொய் சொல்லலைன்னுதான் எனக்குத் தோணுது" என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சுவரில் வாளை மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே, வெறும் தரையைக் காட்டினார்.

"அம்மா போன தை மாசம் வரைக்கும் இருந்தாங்க சார். அங்கதான் கட்டில் போட்டிருந்தோம். யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டலாம்னு எனக்கு அப்பத் தோணவே இல்லையே சார்."