மாதையன் சுற்றிய நான்காம் நாள்

மாதையனைச் சைக்கிளிலிருந்து நான் இறக்கவில்லை. இறக்கியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். இறக்கும் உரிமை அந்தத் திடலில் என் ஒருவனிடம்தான் இருந்தது... நான் இறக்கவில்லை!

ஊருக்கு இது தெரியாது. கூட்டாளியைப் பறிகொடுத்தவன் என்று என்மேல் இரக்கப்படுகிறது. உங்களிடமாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பொம்மிடி ரயிலடியில் நான் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தேன். மாதையன் அங்கே மூட்டை தூக்குபவன்; என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். தரையில் கால் ஊன்றாமல் இரவு பகலாகச் சைக்கிளிலேயே வட்டமிடும் வித்தை அப்போது ஊர் ஊராக நடந்தது. தின்பது, குளிப்பது, முகச்சவரம்... எல்லாம் ஓடுகிற சைக்கிளின் மேலேயே. வெளியூர்க்காரன் ஒருவன் அரூர்ச் சந்தைத் திடலில் மூன்று நாள் ஓட்டிவிட்டுப் போனான். "நானு அஞ்சு நாளு ஓட்றன்ணா" என்றான் மாதையன். அதே திடலில் ஏற்பாடாயிற்று. சைக்கிள் நான் கொடுத்தது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னுடையது.

ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மூணாம் நாளு எறக்கி உடு, செத்துருவன்னு அழுவன்ணா. அதைக் காதுல வாங்காத. மணிக்கு ஒருக்கா பேரு என்ன, ஊரு எதுன்னு மட்டும் கேளு. அதைச் சொல்லத் தெரியலைன்னா எறக்கிடு. அப்ப நானு மாட்டேன்னாலும் உடாத."

அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

முதல் நாள் கூட்டத்தோடு கேலி பேசிக்கொண்டே ஓட்டினான். இரண்டாம் நாள் பாதம் இரண்டும் வீங்கிவிட்டன. காரணமில்லாமல் என்னை ஏசினான். மூன்றாம் நாள் சொன்னபடியே அழுதான். "எறக்கி உடுண்ணா, உனக்குப் புண்ணியமாப் போவுது!" என்று கெஞ்சினான். பேர் கேட்டேன், சொன்னான். ஊர் கேட்டேன், சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அது என் குற்றமல்ல.

என் குற்றம் நான்காம் நாள் உச்சிப்பொழுதில் நடந்தது.

அன்று காலையிலேயே அவன் அழுகை நின்றுபோயிருந்தது. முகத்தில் வலியின் சுவடே இல்லை! கண்கள் பாதி மூடியிருக்க, உதட்டில் சின்னச் சிரிப்பு. முந்தின நாள் தள்ளாடித் தள்ளாடிப் போன சைக்கிள் இப்போது இம்மியும் பிசகவில்லை. புழுதியில் சக்கரம் போட்ட கோட்டின் மேலேயே திரும்பத் திரும்ப ஓடியது. மிதிப்பவன் அவன்தானா? அந்த உடம்பில் மிதிக்க இனி என்ன மிச்சமிருந்தது? எல்லாம் தீர்ந்த பிறகும் தீராத ஏதோ ஒன்று மனிதனுக்குள் இருக்கிறதா...? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தை இரைச்சல் அடங்கிவிட்டது. யாரோ ஒருத்தி வட்டத்தின் ஓரத்தில் கற்பூரம் ஏற்றினாள்.

நான் அவனோடு நடந்துகொண்டே கேட்டேன். "பேரு என்னடா?"

சிரித்தான்.

"மாதையா! ஊரு எதுடா?"

"மழ பேயுது பாருண்ணா..." என்றான், குழந்தையைப்போல. "எம்மாம் மழ!"

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

எனக்குப் புரியவில்லை என்றா நினைக்கிறீர்கள்? நன்றாகப் புரிந்தது! கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் சைக்கிள் கைப்பிடி. கை எழவும் எழுந்தது... ஆனால் பிடித்து நிறுத்தினால் அந்த முகம் கலைந்துவிடும். இன்னும் எவ்வளவு தூரம் போவான், போனால் என்ன ஆவான்... அதை நான் பார்க்க வேண்டும்! ஆமாம், இதுதான் உண்மை. பேராசையோ பகையோ இருந்திருந்தால்கூட நீங்கள் புரிந்துகொள்வீர்கள். நான் வெறுமனே வியந்து நின்றேன்.

"என்னங்க சொல்றாரு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"பேரு, ஊரு ரெண்டும் கரெக்டா சொல்லிட்டாருங்க!" என்று உரக்கச் சொன்னேன்.

கை தட்டினார்கள். அதன்பின் நான் கேட்கவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் சைக்கிள் வட்டத்தை விட்டு விலகி நேராகப் போய், மெல்லச் சாய்ந்தது. ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சிறுநீர் கறுப்பாக வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டான். கேட்டவர்களிடமெல்லாம், "கடைசி வரைக்கும் தெளிவாத்தான் இருந்தான்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த அன்று அவன் மனைவி காளியம்மா தனியாக என்னிடம் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"ண்ணா... கடைசில ரொம்ப வலியில தவிச்சாருங்களா?"

"இல்லம்மா. சிரிச்சிக்கிட்டே ஓட்டினான்."

உண்மையைத்தான் சொன்னேன். அந்த ஒரு உண்மையை மட்டும் சொன்னேன்.

அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அது போதுங்ணா" என்று குழந்தையோடு என் காலில் விழுந்தாள்.

நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை. அவள் நெற்றி என் பாதத்தில் பட்ட அந்த நொடியிலும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளை அல்ல... உச்சிவெயிலில் பிசகாமல் சுற்றிவரும் மாதையனை. என்ன அழகு, ஐயோ, என்ன அழகு!